பிள்ளைகளுக்குத் தனிமங்களை அறிமுகப்படுத்துவது எப்படி? சிங்கப்பூர்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அக்கம்பக்கத்துப் புளோக்குகளில் இருக்கும் பிள்ளைகளைச் சனிக்கிழமை மாலைகளில் கூட்டிவைத்து, சின்னச் சின்ன அறிவியல் சோதனைகள் செய்து பார்ப்பது என் வழக்கம். அழைத்துப்போக வரும் அம்மா அப்பாக்களும் தாத்தா பாட்டிகளும் லிஃப்ட் வாசலில் நின்றபடி கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பதில்களில் என் சொந்தச் சாய்வு இருக்கும். தனிம அட்டவணையைச் சுவரில் ஒட்டுவதற்கு முன்னால் பொருளைக் கையில் கொடுங்கள் என்று சொல்லும் கட்சி நான்.

எந்த வயதில் தொடங்கலாம்?

பெயர் சொல்லிக் காட்டுவதற்கு நாலைந்து வயதே போதும். பூஜை அறையில் செம்புச் சொம்பு இருக்கும், அடுப்பில் இரும்புத் தோசைக்கல் இருக்கும், இழுப்பறையில் அலுமினியத் தாள் இருக்கும். மூன்றையும் தொட்டுத் தூக்கிப் பார்க்கட்டும். எது கனம், எது வளைகிறது, எது எந்த நிறம் என்று பிள்ளையே சொல்லிவிடும். அணு, எலக்ட்ரான் பேச்செல்லாம் ஒன்பது பத்து வயதுக்குமேல் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்பே கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கள். கேட்காதபோது ஊட்ட வேண்டாம்.

பள்ளியில் எப்போது வரும்? பிஎஸ்எல்இக்கு, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்கு, உதவுமா?

இங்கே அறிவியல் பாடம் தொடக்கநிலை 3இல் ஆரம்பிக்கிறது. அப்போது பொருள்களின் தன்மைகள் வரும்: எது வளையும், எது தண்ணீரை உறிஞ்சும், எதைக் காந்தம் இழுக்கும் என்கிற அளவில். தனிமம், சேர்மம், கலவை என்று பிரித்துப் படிப்பது உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டுகளில்தான். ஆகவே பிஎஸ்எல்இயில் தனிமங்களைப் பற்றி நேரடியாகக் கேட்கமாட்டார்கள். மதிப்பெண்ணுக்காக இதைத் தொடங்குவதாக இருந்தால் விட்டுவிடுங்கள், பிள்ளைக்கு ஏற்கெனவே இருக்கிற டியூஷன் போதும்.

தனிமம் என்றால் என்ன என்று ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

"வேறு எதுவும் கலக்காமல், முழுக்க ஒரே வகை அணுவால் ஆனது" என்பது சரியான விளக்கம்தான். ஆனால் ஏழு வயதுக்கு அது காதோடு போய்விடும். நான் தங்கத்திலிருந்து தொடங்குவேன். சுத்தத் தங்கத்தை இரண்டாக வெட்டினால் இரண்டும் தங்கம். இன்னும் வெட்டு, இன்னும் வெட்டு, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் போனாலும் தங்கம்தான். வேறு எதுவும் உள்ளே இருந்து வராது.

உடனே கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று, "எங்கம்மா சங்கிலியும் தங்கமா?" என்று கேட்கும். நல்ல கேள்வி. தேக்கா நகைக்கடைகளில் 916 என்று முத்திரை குத்தியிருக்கும். ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், மீதி செம்பு, வெள்ளி போன்றவை. சுத்தத் தங்கம் நகைக்கு ரொம்ப மெத்து என்பதால் கலக்கிறார்கள். தனிமத்துக்கும் கலவைக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு சங்கிலியிலேயே முடிந்துவிடும்.

சேர்மத்துக்குச் சாப்பாட்டு உப்பைக் காட்டுவேன். சோடியம் கத்தியால் நறுக்கக்கூடிய மெத்தென்ற உலோகம், தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும். குளோரின் மூச்சை அடைக்கும் நச்சு வாயு. இரண்டும் வேதிவினையில் சேர்ந்தால் சோற்றில் போடும் உப்பு! இதைச் சொல்லும்போது உப்பு ஜாடியைப் பிள்ளைகள் பார்க்கும் பார்வையே தனி.

பாட்டி பஞ்சபூதம் என்று சொல்லித்தந்திருக்கிறார். பிள்ளை குழம்புகிறானே?

பாட்டி சொன்னது தப்பு என்று ஆரம்பிக்காதீர்கள். நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம் என்பது உலகை வகைப்படுத்திப் பார்த்த ஒரு பழைய முறை. கிரேக்கர்களும் இதேபோல நான்கு வைத்திருந்தார்கள். வேதியியல் கேட்கும் கேள்வி வேறு: இதை இன்னும் எளிய பொருளாகப் பிரிக்க முடியுமா?

அந்தக் கேள்வியோடு ஒவ்வொன்றாகப் பாருங்கள். காற்று ஒரு கலவை. அதில் சுமார் 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காடு ஆக்சிஜன், மிச்சத்தில் பெரும்பகுதி ஆர்கான். மண்ணும் கலவைதான். ஆக்சிஜன், சிலிக்கான், அலுமினியம், இரும்பு என்று பலதும் அதில் சேர்மங்களாக இருக்கும். நெருப்பைப் பொருள் என்றே சொல்ல முடியாது, அது நடந்துகொண்டிருக்கும் ஒரு வினை. தண்ணீரைத்தான் பல நூற்றாண்டுகள் தனிமம் என்றே நம்பினார்கள். 1780களில் கேவண்டிஷ், லவாய்சியே போன்றோரின் சோதனைகளால் அந்த நம்பிக்கை போயிற்று.

தண்ணீரை வீட்டிலேயே பிரித்துக் காட்டலாம். இரண்டு பென்சில்களை இரு முனையும் சீவிக்கொள்ளுங்கள். ஓர் அட்டையில் துளையிட்டு இரண்டையும் செருகி, கண்ணாடித் தம்ளரின் வாயில் வையுங்கள். தம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு கரண்டி சமையல் சோடாவைக் கரைத்துவிடுங்கள். மேல்முனைகள் இரண்டையும் 9 வோல்ட் பேட்டரியோடு கம்பியால் இணைத்தால், கீழே பென்சில் கரியைச் சுற்றிக் குமிழி கிளம்பும். பேட்டரியின் எதிர்மின் (-) முனைப் பக்கம் குமிழி கூடுதலாக இருக்கும், அது ஹைட்ரஜன். இன்னொரு பக்கம் ஆக்சிஜன். சமையல் சோடாவுக்குப் பதில் உப்பைப் போட்டுவிடாதீர்கள், குளோரின் வரும். சன்னலும் திறந்திருக்கட்டும்.

தனிம அட்டவணையை மனப்பாடம் செய்ய வைக்கலாமா?

வேண்டாம். பிள்ளையே ஆசைப்பட்டுப் பாட்டாகப் பாடினால் பாடட்டும், தடுக்கவேண்டியதில்லை. 118 பெயரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளைக்கு உறவினர் வீட்டில் கைதட்டல் கிடைக்கும். அந்தப் பிள்ளையிடம் இரும்பு ஆணியைக் கொடுத்து "இது அட்டவணையில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள்.

சமையலறையில் இருப்பதை வைத்து என்ன செய்து காட்டலாம்?

எனக்குப் பிடித்தது நாணயச் சோதனை. உண்டியலைக் கவிழ்த்து 10, 20, 50 காசு நாணயங்களைப் பொறுக்கி எடுங்கள். பழையதும் புதியதும் கலந்திருந்தால்தான் சுவாரசியம். ஒரு காந்தத்தைக் கொண்டுபோனால் சிலது டக்கென்று ஒட்டும், சிலது அசையவே அசையாது. எல்லாமே வெள்ளை நிறம், எல்லாமே காசு, அப்புறம் ஏன் இப்படி?

2013இல் வெளிவந்த மூன்றாம் வரிசை நாணயங்களின் உள்ளே எஃகு, மேலே பூச்சு. அதனால்தான் ஒட்டுகின்றன. 1985இல் தொடங்கிய இரண்டாம் வரிசையில் இந்த மூன்று நாணயங்களும் செம்பும் நிக்கலும் சேர்ந்த கலப்புலோகம், அதில் முக்கால் பங்கு செம்பு. செம்பின் சிவப்பு எங்கே போயிற்று என்று பிள்ளைகள் நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கால் பங்கு நிக்கல் அந்தச் சிவப்பை முழுக்க மறைத்துவிடுகிறது. முதலில் காந்தத்தால் பிரிக்கச் சொல்லுங்கள், பிறகு ஆண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். விதியை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்து எவர்சில்வர் தம்ளர். அதில் வெள்ளி துளியும் கிடையாது. இரும்பு, குரோமியம், பெரும்பாலும் கொஞ்சம் நிக்கல். காந்தத்தை வைத்தால் பல தம்ளர்கள் ஒட்டாது. "அப்படியென்றால் இரும்பு இல்லை" என்று பிள்ளை முடிவு கட்டும். இங்கேதான் நிறுத்திப் பேசவேண்டும். பாதிக்குமேல் இரும்புதான், ஆனால் நிக்கல் சேர்ந்ததால் அணுக்கள் வேறு மாதிரி அடுக்கிக்கொண்டன, காந்தத்துக்கு மசியவில்லை. ஒரு சோதனை 'இல்லை' என்று சொன்னால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் பத்து வயதில் தெரிந்துகொள்வது, என்னைக் கேட்டால், அட்டவணையைவிடப் பெரிய விஷயம். நிக்கல் சேர்க்காத மலிவான தட்டு, கரண்டி சிலது ஒட்டும். அதையும் தேடிப் பிடியுங்கள்.

மூன்றாவதற்கு நீங்கள் மெனக்கெட வேண்டாம், ரசம் பொங்கும்போது தானே நடக்கும். கேஸ் அடுப்பில் நீலமாக எரியும் தீயில் ரசம் வழிந்ததும் தீ சட்டென்று மஞ்சளாகும். ரசத்தின் உப்பிலுள்ள சோடியம்தான் அந்த மஞ்சளைத் தருகிறது. பிள்ளையைத் தள்ளி நிற்கவைத்துக் காட்டுங்கள். தேசிய தினத்தன்று மரினா பேயில் வாணவேடிக்கை பார்க்கும்போது மிச்சத்தைச் சொல்லிவிடலாம்: சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்குப் பேரியம், நீலத்துக்குச் செம்பு. ஒவ்வொரு தனிமத்துக்கும் சூடானால் தனக்கென்று ஒரு நிறக் கையெழுத்து உண்டு.

நம் பக்கத்துக் கதை ஏதாவது இருக்கிறதா? எல்லாம் ஐரோப்பியர் பெயராகவே வருகிறது.

இருக்கிறது, அதுவும் அந்த மஞ்சள் நிறத்தோடு ஒட்டிய கதை. 1868 ஆகஸ்ட் 18 அன்று இந்தியாவின் குறுக்கே முழுச் சூரிய கிரகணம் கடந்துபோனது. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்குப் பிரான்சிலிருந்து வானியலாளர் ஜான்சன் வந்திருந்தார். சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் கருவியோடு காத்திருந்தார். சூரியனின் விளிம்பிலிருந்து வந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியத்தின் கோட்டுக்குப் பக்கத்தில்தான், ஆனால் அதே இடத்தில் இல்லை. அதே ஆண்டு இங்கிலாந்தில் லாக்யரும் கிரகணம் இல்லாமலே அந்தக் கோட்டைப் பார்த்தார். பூமியில் அறிந்த எந்தப் பொருளோடும் அது பொருந்தவில்லை. சூரியனில் மட்டும் இருக்கும் தனிமம் என்று நினைத்து, சூரியனின் கிரேக்கப் பெயரால் ஹீலியம் என்றார்கள். 1895இல்தான் வேதியியலாளர் ராம்சே அதைப் பூமியில் ஒரு கனிமத்திலிருந்து பிடித்தார். பிறந்தநாள் பலூனில் நிரப்புகிறார்களே, அதே ஹீலியம்தான்.

இரும்பிலும் நமக்குப் பங்கு உண்டு. ஈரோட்டுப் பக்கம் கொடுமணல் அகழாய்வில் பழங்கால இரும்பு, உருக்கு வேலையின் தடயங்கள் கிடைத்தன. இரும்போடு கொஞ்சம் கரி, அதாவது கார்பன், சேர்ந்தால்தான் உருக்கு. தென்னிந்திய உருக்கின் ரகசியம் என்ன என்று 1820 வாக்கில் லண்டனில் ஃபாரடேகூட ஆராய்ந்து பார்த்தார்.

சிங்கப்பூரில் தனிமம் என்று காட்ட என்ன இருக்கிறது? இங்கே சுரங்கம்கூட இல்லையே.

சுரங்கம் இல்லை, ஆனால் உலை இருந்தது. செந்தோசாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பிரானித் தீவில், ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனம் 1890இல் வெள்ளீய உருக்காலையைத் தொடங்கியது. மலாயாவில் தோண்டிய தாது கப்பலில் இங்கே வந்து உருகிக் கட்டிகளாக வெளியூர் போனது. இன்று அந்தத் தீவு கப்பல் கொள்கலன் முனையம். செந்தோசா போகும்போது கைநீட்டிக் காட்டலாம்.

ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வீட்டில் இருந்தால், அதுவும் வெள்ளீயம்தான். 232 டிகிரியிலேயே உருகிவிடும். ரசம் உள்ளே இருக்கும்வரை சொம்பு அவ்வளவு சூடாகாது. வெறும் சொம்பை அடுப்பில் வைக்கக்கூடாது என்று பாட்டிகள் கத்துவது இதனால்தான். மலிவாக விற்பதில் நச்சான காரீயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் நம்பகமான கடையில் வாங்குங்கள்.

இன்றைய சிங்கப்பூர் என்றால் சிலிக்கான். உட்லண்ட்ஸ், பாசிர் ரிஸ் பக்கத்துத் தொழிற்சாலைகளில் சில்லுகள் செய்கிறார்கள். ஈஸ்ட் கோஸ்ட் மணலை ஒரு கையிலும் பழைய கைப்பேசியை மறு கையிலும் கொடுத்து, இரண்டிலும் ஒரே தனிமம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். கேள்விகள் தானே வரும்.

கையில் உருகும் உலோகம் என்று ஒன்று விற்கிறார்களே, வாங்கலாமா?

அது காலியம். தாராளமாக வாங்கலாம், தனிமங்களில் நான் காசு கொடுத்து வாங்கச் சொல்வது முதலில் இதைத்தான். அதன் உருகுநிலை 29.76 டிகிரி. குளிர்நாட்டுப் பிள்ளைகள் உள்ளங்கையில் வைத்து உருக்குவார்கள். நம் ஊரில் ஏர்கான் இல்லாத அறையில், மதியத்தில், புட்டிக்குள்ளேயே திரவமாகிக் கிடக்கும்! குளிர்பெட்டியில் வைத்துக் கட்டியாக்கி, ஏர்கான் அறையில் எடுத்துக் கையில் கொடுங்கள். பளபளவென்று கட்டியாக இருப்பது ஓரத்தில் முதலில் மழுங்கும், பிறகு உள்ளங்கைக் கோடுகளில் ஓடும். கையில் சாம்பல் நிறக் கறை பிடிக்கும், சோப்புப் போட்டால் போய்விடும்.

இரண்டு எச்சரிக்கை. அலுமினியத்தில் பட்டால் அதை உள்ளே புகுந்து நொறுங்க வைத்துவிடும், எனவே கைப்பேசி, மடிக்கணினி பக்கம் கொண்டுபோகாதீர்கள். உறையும்போது விரியும் என்பதால் கண்ணாடிப் புட்டியில் அடைக்காதீர்கள், பிளாஸ்டிக்கே சரி.

உருகிக்கொண்டிருக்கும்போதே கதையையும் சொல்லிவிடுங்கள். ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் 1869இல் அட்டவணை போட்டபோது சில இடங்களைக் காலியாக விட்டார். 1871இல், அலுமினியத்துக்குக் கீழே வரவேண்டிய தனிமம் எப்படி இருக்கும் என்று பார்க்காமலே எழுதினார். 1875இல் பிரான்சில் லெகோக் த புவாபோத்ரான் காலியத்தைக் கண்டுபிடித்து, அடர்த்தி 4.7 என்று அறிவித்தார். அந்தப் பொருளைக் கண்ணால்கூடப் பார்க்காத மெண்டலீவ், கிட்டத்தட்ட 5.9 இருக்கவேண்டும், மறுபடி அளந்து பாருங்கள் என்று சொல்லியனுப்பினார். நன்றாகச் சுத்தம் செய்து அளந்தால், 5.9. அட்டவணை எதற்கு என்று பிள்ளைக்குப் புரியவைக்க இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

தமிழில் சொல்வதா, ஆங்கிலத்தில் சொல்வதா?

பள்ளியில் அறிவியல் ஆங்கிலத்தில்தான். வீட்டில் தமிழில் பேசுங்கள், பள்ளிப் பெயரையும் கூடவே ஒருமுறை சொல்லிவிடுங்கள். இதற்குமேல் கவலைப்பட ஒன்றுமில்லை.

மொத்தம் எத்தனை தனிமம்? இன்னும் வருமா?

இப்போதைக்கு 118. கடைசி நான்குக்கு 2016இல்தான் பெயர் வைத்தார்கள். அதில் 113ஆவது நிஹோனியம், ஜப்பானில் உருவாக்கியது, அந்த நாட்டின் பெயரையே தாங்கியது. சிங்கப்பூர்ப் பெயரில் எதுவும் இல்லை. ஆய்வுக்கூடங்களில் 119ஐயும் 120ஐயும் உருவாக்க முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

என் உடம்பில் என்ன தனிமம் என்று மகள் கேட்கிறாள்.

30 கிலோ எடையுள்ள பிள்ளை என்றால் ஏறக்குறைய 19 கிலோ ஆக்சிஜன், 5 கிலோவுக்குச் சற்று மேல் கார்பன், 3 கிலோ ஹைட்ரஜன். பெரும்பாலான ஆக்சிஜன் தண்ணீரில் கட்டுண்டு கிடக்கிறது. அப்புறம் நைட்ரஜன், எலும்பில் கால்சியம், பாஸ்பரஸ். இரும்பு ஒன்றிரண்டு கிராம்தான், ஆனால் அது இல்லாவிட்டால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்காது.

எதையெல்லாம் கிட்டே விடக்கூடாது?

பாதரசம் முதலில். பழைய கண்ணாடி வெப்பமானி இருந்தால் விளையாடக் கொடுக்காதீர்கள். உடைந்துவிட்டால் பிள்ளைகளை வெளியே அனுப்பிச் சன்னலைத் திறந்துவிடுங்கள். வெக்கூம் கிளீனரும் துடைப்பமும் வேண்டாம், அது ஆவியையும் துளிகளையும் பரப்பிவிடும்.

பட்டன் பேட்டரி விஷயத்தில் நான் கொஞ்சம் கத்தவே செய்வேன். லித்தியம் பட்டனைச் சின்னப் பிள்ளை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும். காத்திருக்காமல் உடனே மருத்துவமனை, அல்லது ஆம்புலன்ஸுக்கு 995. சின்ன நியோடிமியம் காந்தங்களும் அப்படித்தான். இரண்டை விழுங்கினால் குடல் சுவருக்கு இருபுறமும் ஒன்றையொன்று இழுத்துத் துளைத்துவிடும். நாணயச் சோதனைக்கு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் பெரிய காந்தமே போதும்.

பலூன் ஹீலியத்தை உறிஞ்சிக் கீச்சுக்குரலில் பேசும் விளையாட்டும் வேண்டாம். அது நஞ்சில்லை, ஆனால் நுரையீரலில் ஆக்சிஜன் இருக்கவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

தனிமச் சேகரிப்புப் பெட்டி வாங்கித் தரலாமா?

அழகாகத்தான் இருக்கும். ஆனால் குட்டிக் குட்டிக் குப்பிகளில் மூடிவைத்ததைத் தொட முடியாது, சுரண்ட முடியாது, காந்தம் வைக்க முடியாது. அந்தப் பணத்தில் காலியம் கொஞ்சம், ஒரு காந்தம், செம்புக் கம்பி ஒரு சுருள் வாங்குங்கள். வரைபடப் பென்சிலின் கரி கார்பனுக்கு ஆகும். இரும்புக்கு ஆணி, அலுமினியத்துக்குச் சமையல் தாள். மிச்சம் இருந்தால் ஜூரோங்கில் இருக்கும் அறிவியல் நிலையத்துக்கு ஒரு நாள் கூட்டிப் போய்விட்டு வாருங்கள், பள்ளி விடுமுறை இல்லாத வாரநாளாகப் பார்த்துப் போனால் கூட்டம் குறைவு.